மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்

அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் வீட்டுப் பேர்களை நான் ஒரு தடவை எழுதினதே போதும்.

அவள் புருஷன் பேரை மட்டும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எதுவும் புரியாது. மாதேசன். அந்தப் பேரை அவள் சொல்ல மாட்டாள். புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள் அந்தக் காலத்தில் நிறைய இருந்தார்கள். ஆனால் இவள் அளவுக்கு யாரும் இல்லை. இவளுக்கு அந்தப் பேரும் ஆகாது, அந்தப் பேரில் இருக்கிற சாமியும் ஆகாது, அந்தச் சாமி இருக்கிற மலையும் ஆகாது. வாயால் சொல்வதற்குத்தான் ஆகாது. மற்றபடி வருஷா வருஷம் மாதேஸ்வரன் மலைக்குப் போய் முடி கொடுக்கிறவள்.

மைசூர் பஸ் ஸ்டாண்டில் அவள் பஸ் பிடிக்கிற கூத்தை அவள் புருஷனே ஒருநாள் என்னிடம் சொன்னார். போர்டில் கன்னடத்தில் எழுதியிருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கண்டக்டரிடம் போய், "அந்த மலைக்குப் போகுங்களா?" என்பாள்.

"எந்த மலைம்மா? சாமுண்டி மலையா?"

"இல்லீங்க. தூரத்து மலை."

"ஊட்டியா?"

"அய்யோ, சாமி இருக்கற மலைங்க."

கண்டக்டர்களுக்கு இவளைத் தெரிந்துபோய்விட்டது. "பேரைச் சொன்னாத்தான் ஏத்துவேன்" என்று வேண்டுமென்றே நிற்கவைப்பார்களாம். ஒரு தடவை அவள், "மொட்டை போடற மலை" என்று சொல்ல, யாரோ ஒரு நல்ல மனுஷன் அவளைத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றி சீட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டார். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டின பிறகுதான் தெரிந்து, இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். இதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் பின்னால் வரும்.

தொண்ணூற்று நாலோ ஐந்தோ. மைசூரில் ஒரு அரசாங்க அலுவலகத்தின் எதிரில் நான் டைப்பிங் கடை வைத்திருந்தேன். கன்னடம் எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதுவேன், பாரம் நிரப்புவேன். அப்பா ரயில்வே வேலைக்காக அரக்கோணத்திலிருந்து வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் மைசூர். பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் அங்கே சித்தாள். அந்த மலைக்குப் போகிற வழியில் இருக்கிற கௌதள்ளிப் பக்கத்துத் தமிழ். கட்டடத்துக்கு அடியிலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். கொத்தனாரான புருஷன் மட்டும் வேறு மேஸ்திரியிடம், நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் காலை ரயிலில் போய்விட்டு இருட்டும்போது வருவார். அதுவரை அவரை நான் பார்த்ததே இல்லை.

அவள் தினமும் தண்ணீருக்கு வருவாள்.

"டக்டக்கு அக்கா, ஒரு சொம்பு தண்ணி வாங்கிக்கறனுங்க."

டைப்ரைட்டர் சத்தத்தை வைத்து எனக்கு அந்தப் பேர். பேர் சொல்லாமல் இருந்து பழகினவள் ஆனதால், யாருக்கும் ஒரு பேர் வைப்பதில் அவள் கெட்டிக்காரி. மேஸ்திரி குடைக்காரர். அலுவலகப் பியூன் சாவிக்காரர். எதிர் டீக்கடைக்காரன் வெல்லக்காரன், அவன் டீயில் அவ்வளவு இனிப்பு. மாதா கோயில் அவளுக்கு ரெட்டைக் கூம்பு. மாதுளம்பழம் முத்துப்பழம். "மாதிரி" என்ற வார்த்தையைக்கூட அவள் சொல்லிக் கேட்டதில்லை. "அவனாட்டம், இவனாட்டம்" என்பாள். அது அவர்கள் ஊர்ப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இதெல்லாம் ஒரே பேருக்குப் பயந்து ஒதுங்கிப் போகிற வார்த்தைகள் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது மணல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவருவாள். என் வீட்டுப் பாத்திரத்தில் அந்த ஒரு சொம்பு மட்டும் பளபளவென்று இருந்தது.

வீடில்லாதவர்களுக்கு மனை கொடுக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. பெண்கள் பேரில்தான் பட்டா. கடை முன்னால் வரிசை நின்றது. அவளும் வந்தாள். முகத்தில் சிமெண்ட் காய்ந்திருந்தது. ஒவ்வொரு கட்டடம் முடிந்ததும் கொட்டகையைப் பிரித்து, அடுத்த கட்டடத்துக்குச் சட்டிபானையோடு போகிறவள். "இந்த ஒண்ணு மட்டும் கெடைச்சுட்டாப் போதுங்கக்கா. அப்பறம் எதையும் பிரிக்க வேண்டியதில்ல" என்றாள்.

அவள் பேர் கேட்டேன். சொன்னாள். எழுதினேன்.

"புருஷன் பேரு?"

சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காத. பின்னாடி எத்தனை ஜனம் நிக்கறாங்க பாரு."

"சாமி பேருங்கக்கா."

"எந்தச் சாமி?"

"மலைமேல இருக்குதுங்களே."

"ம்."

"மொட்டை போடுவாங்க. கூட்டமா நடந்தே போவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் கோபம் வரும், அது வேறு விஷயம். அன்றைக்கு நியாயமான கோபம் என்று நினைத்தேன். அதுதான் மோசம்.

"உனக்கு வெட்கமா இல்ல? தலையில அத்தனை கல்லு சுமக்கற. ஒரு பேரைச் சுமக்க முடியலையா வாயால? நான் எங்க வீட்டுக்காரரை பாஸ்கர்னுதான் கூப்பிடறேன். அவரென்ன செத்தா போயிட்டாரு?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். "உங்களுக்குப் பரவால்லீங்கக்கா" என்றாள், மெதுவாக.

எங்கள் வீட்டில் மலை என்றால் திருத்தணி. மலை, மொட்டை, நடை. முருகன் என்று எழுதினேன்.

"புலிமேல வருவாருங்க" என்றாள்.

காதில் விழுந்தது. விழவில்லை என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், நடக்கவில்லை. நன்றாக விழுந்தது. முருகனுக்கு மயில், அது எனக்குத் தெரியாதா? ஆனால் பேனா அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. நின்று கேட்டால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்க வேண்டும். பேரைச் சொல்லாதவளுக்காக நான் எதற்கு இரண்டு தாள் எழுத வேண்டும்? "நெக்ஸ்ட்" என்றேன். அவள் மையில் கட்டைவிரலை ஒற்றிவிட்டு, விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

அந்தப் பேரைப் பற்றி இன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டது. மகாதேவன் ஊர் வாயில் தேய்ந்து மாதேவன். அப்படியே மாதேஸ்வரன், மாதேசன், மாதையன், மாதப்பன், சுருக்கமாக மாதன். எல்லாம் ஒரே ஆள். எப்போதோ ஒரு சாமியார் அந்தக் காட்டுக்கு வந்து, புலியைப் பழக்கி அதன்மேல் ஏறித் திரிந்து, அந்த மலையிலேயே தங்கிச் சாமியாகிவிட்டார் என்கிறார்கள். கொள்ளேகால், ஹனூர் பக்கம் கன்னடக்காரர், தமிழர் என்று பார்க்காமல் வீட்டுக்கு ஒருவனுக்கு அந்தப் பேர். மேட்டூர், தருமபுரி பக்கமும் அப்படியே. பிறந்த பிள்ளைகள் நிற்காத வீட்டில் வேண்டிக்கொண்டு பெற்றால் அந்தப் பேரைத்தான் வைத்தாக வேண்டும். மாதேசனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். அவர் தங்கினார்.

டவுனில் அப்போதே அந்தப் பேருக்கு மவுசு போய்விட்டது. பிறக்கிற பையனெல்லாம் சுரேஷ், ரமேஷ். வெல்லக்காரன் என்றாளே, அந்த டீக்கடைக்காரனும் மாதேசன்தான். போர்டில் மகேஷ் என்று எழுதிவைத்திருந்தான். ஊரிலிருந்து அவன் அம்மா வந்து எல்லார் எதிரிலும், "லோ, மாதா!" என்று கூப்பிடும்போது அவன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பேரை வைத்திருப்பவனே ஒளித்துவைத்த காலத்தில் இவள் ஒருத்தி அதை வேறு மாதிரி ஒளித்துவைத்திருந்தாள். இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலையைப் படிய வாரிய ஒல்லியான ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். நகத்தில் சிமெண்ட்.

"டக்டக்கு அக்கா நீங்கதானுங்களா?"

"ஆமா."

"அந்த முருகன் யாருங்கக்கா? எம் பொண்டாட்டிகூடக் குடும்பம் நடத்தறானாம், லிஸ்ட்டுல போட்டிருக்குது. நானும் ஒருக்கா அவனைப் பார்க்கோணுமுங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்போதுதான் பஸ் ஸ்டாண்ட் கதையையும் சொன்னார். "சொல்லு புள்ள, ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொல்லிப் பாத்துட்டனுங்க. என்னைப் பாத்துச் சொல்ல வேண்டாம், செவுத்தைப் பாத்துச் சொல்லுன்னேன். ம்கூம்."

ஊர் ரேஷன் கார்டில் மாதேசன், பட்டியலில் முருகன். ஒத்துப்போகவில்லை என்றால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும். திருத்தக் கடைசி நாள் வியாழன். அன்றைக்கு நஞ்சன்கூட்டில் கூரைக்குக் காங்கிரீட் போடுகிறார்கள், ஆரம்பித்தால் நடுவில் விட்டுவர முடியாது. "அவளை அனுப்பறனுங்க. நீங்க கூட நின்னாப் போதும்" என்றார். சரி என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பெண்டாட்டி வாயைத் திறக்காததால் வந்த குளறுபடி என்றே அவரும் நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை அலுவலகத்துக்குள் போனோம். அவள் குளித்து, நல்ல சேலை கட்டி, பூ வைத்திருந்தாள். அதிகாரி பாரத்தைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. யார் எழுதினது என்று கன்னடத்தில் கேட்டார். நான்தான் என்றேன்.

"எழுதினவங்க தப்புன்னா, எழுதினவங்களே ஒரு தாள்ல அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் இப்பவே திருத்திடறேன்" என்றார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆனா நீங்க எழுதின பாரத்துல இன்னும் எத்தனை இப்படி இருக்குதோ?"

அந்த ஒரு கேள்விதான். அலுவலகத்தை நம்பித்தான் என் கடை. ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இவளே அப்படித்தான் சொன்னா சார்."

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "ஆமாங்க, என் தப்புதானுங்க" என்று தலையாட்டினாள். மனதார நம்பித்தான் ஆட்டினாள்.

"அப்படின்னா கார்டு மட்டும் போதாது, அவளே சொல்லட்டும்" என்று அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "கண்டன ஹெசரு ஹேளம்மா." புருஷன் பேரைச் சொல்லம்மா.

அவள் சுவரைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சொல்லித் தொலை. இன்னைக்கு விட்டா மனை போச்சு" என்றேன். நான்தான் சொன்னேன்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மேலே மின்விசிறி கடகடத்தது. "ஜோராகி ஹேளு" என்றார் அதிகாரி. சத்தமா.

அவள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பேரைச் சொல்வாள் என்று நின்றிருந்தோம். அவள் சொல்லவில்லை, கூப்பிட்டாள். ரொம்ப உயரத்தில் நிற்கிற ஒருவரைக் கீழேயிருந்து கூப்பிடுவதுபோல, அடிவயிற்றிலிருந்து.

"மாதேசா!"

மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பீரோவைத் திறந்துகொண்டிருந்த பியூன். வரிசையில் நின்ற ஒரு கிழவர். மூன்றாவது, அந்த அதிகாரியே. எதிரில் உட்கார்ந்திருந்தவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்.

அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. "நன்ன ஹெசரூ அதே கணம்மா!" என் பேரும் அதேதான் என்று அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பியூன், "நம்மதூ!" என்றார், தன் பேரும் அதுதான் என்று. முருகன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மாதேசன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு நிமிஷ வேலை.

அவள் சிரிக்கவில்லை. வெளியே வந்து என் கடைப் படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையில் வைத்திருந்தாள். "பாத்தியா, ஒண்ணும் ஆகல இல்ல?" என்றேன். அப்போதும் ஜெயித்துவிட்ட குரல்தான் எனக்கு.

"நாங்க முந்தி பெங்களூர்ல வேலை செஞ்சமுங்க" என்றாள். "அங்க ஒருத்தரு மூணாவது மாடில பூசிக்கிட்டிருந்தாரு. பின்னால பலகை நவுந்துபோச்சு, அவரு பாக்கல. கீழ இருந்து அவரு சம்சாரம் பாத்துட்டு, பேரைச் சொல்லிக் கத்துது. அது எப்பவும் பேரு சொல்லிக் கூப்பிடறதுதானுங்க, சோத்துக்கு, தண்ணிக்கு, எல்லாத்துக்கும். அவரு திரும்பவே இல்ல. 'இரு, வரேன்'னு சொல்லிக்கிட்டே ஒரு அடி பின்னால வெச்சாரு."

சொம்பைக் கையில் உருட்டிக்கொண்டே அவள் தொடர்ந்தாள்.

"எங்கூட்டுக்காரரை கீழ இருந்து ஆயிரம் பேரு கூப்பிடறாங்க. காதுலயே ஏறாது. என் வாயில இருந்து அந்தப் பேரை அவிய ஒருக்காக்கூடக் கேட்டதில்லீங்க. ஒருநாள் நான் கூப்பிட்டா, எங்க நின்னாலும் அப்படியே வெறைச்சு நின்னு திரும்பிப் பாப்பாங்கல்ல? அதுக்குனு வெச்சிருந்தனுங்க."

"அவர் இன்னைக்கு இங்க இல்லையே. அவர் கேட்கல. அப்ப அது அப்படியேதான இருக்கு?" என்றேன்.

"இல்லீங்கக்கா. நாங் கூப்பிட்டேன், மூணு பேரு திரும்பிட்டாங்க. எடுத்தாச்சுங்க அதை."

தண்ணீரைக் குடித்தாள். மணலில் சொம்பைத் தேய்க்கப் போனவள் நின்று கேட்டாள்:

"அன்னைக்கு நாஞ் சொல்லாததுனாலதான நீங்க அப்படி எழுதிட்டீங்க?"

புலி என்று அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஆமா" என்றேன்.

மனை கிடைத்தது. அவர்கள் சுவர் எழுப்பி, கூரை போட்டு, குடிபோனார்கள். அதற்கப்புறம் அவள் சாதாரணமாகப் பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முதல்நாள் வீட்டில் கூப்பிட்டபோது மாதேசன் கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டாராம். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எல்லாம் உங்களாலதானுங்கக்கா" என்று எனக்கு மலை லட்டு கொண்டுவந்து கொடுத்தார். என் வீட்டுக்காரர்கூட, "நீ ஒருத்தியைத் திருத்திட்ட போ" என்றார். வாங்கித் தின்றேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக அவர்களைப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில். அமாவாசைக்கு மலைக்குக் கிளம்பியிருந்தார்கள். நான் வேறு வேலையாகப் போனவள், அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "மாதேஸ்வரன் மலைக்குப் போகுங்களா?" என்று கேட்டாள், அவரைக்காய் விலை கேட்பதுபோல. கண்டக்டர் புதுப் பையன். தலையாட்டினான். கிண்டல் இல்லை, எதுவும் இல்லை. ஏறி உட்கார்ந்தாள்.

மாதேசன் கீழே கடலை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் நின்ற பக்கமாக ஒரு பஸ் பின்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தது, ரொம்ப மெதுவாக, ஒன்றும் ஆகாத வேகத்தில்தான். அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"மாதேசா, பஸ் வருது, தள்ளி நில்லுங்க."

அவர் கடலைக்காரனிடம் கையை நீட்டிக்கொண்டே, "இரு, வரேன்" என்றார்.

திரும்பவில்லை.